ஐவரில் ஒருவர்

1938 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் முதலாந் திகதி, ‘ராஜ்புத்தானா’ என்னும் கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை விட்டுக் கிழக்கு நோக்கிப் புறப்பட்டது. அதில் ஐந்து இந்திய வைத்தியர்கள் இருந்தார்கள். அவர்கள் வேலை தேடியோ மேற்படிப்புக்காகவோ போகவில்லை. யுத்தத்தில் எரிந்துகொண்டிருந்த சீனாவில் காயப்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளிக்கப் போனார்கள். சிறிது காலம் பணியாற்றிவிட்டு வீடு திரும்புவதுதான் எண்ணம். நால்வர் திரும்பினார்கள். ஐந்தாமவர் திரும்பவில்லை. அவருடைய பெயர் துவாரகாநாத் சாந்தாராம் கோட்னிஸ். கப்பலேறியபோது அவருக்கு இருபத்தெட்டு வயது நிரம்ப இன்னும் சில வாரங்கள் இருந்தன.

கோட்னிஸ் 1910 ஒக்டோபர் 10 ஆம் திகதி சோலாப்பூரில் பிறந்தார். இன்றைய மகாராஷ்டிர மாநிலத்தின் தெற்குப் பகுதியில் உள்ள நெசவாலை நகரம் அது. ஆண் பெண் பிள்ளைகள் பலர் நிறைந்த நடுத்தரக் குடும்பம். அவர் பதின்பருவத்தைக் கடந்துகொண்டிருந்த 1930 இல் சோலாப்பூர் பெரும் கொந்தளிப்பைக் கண்டது. காந்தியடிகள் கைதான செய்தி வந்ததும் ஆலைத் தொழிலாளர் தெருவில் இறங்கினர். ஆங்கில அரசு நகரில் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் அவ்வூரைச் சேர்ந்த நால்வர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களில் ஒருவர் அப்துல் ரசூல் குர்பான் ஹுசைன். ஏனைய மூவரும் இந்துக்கள். அந்த ஊரில் வளர்ந்த ஓர் இளைஞனுக்கு, அந்நியன் தன் நாட்டை ஆள்வது எப்படியிருக்கும் என்பதைப் புத்தகத்தில் படித்தறிய வேண்டிய தேவை இருந்திராது.

அவர் வைத்தியம் படித்த இடத்தையும் சொல்லத்தான் வேண்டும். பம்பாயிலுள்ள சேத் கோர்தன்தாஸ் சுந்தர்தாஸ் மருத்துவக் கல்லூரி 1926 இல் தொடங்கப்பட்டது. அதற்குப் பணம் கொடுத்தவர்கள் ஒரு நிபந்தனை விதித்திருந்தார்கள். அங்கே கற்பிப்போர் அனைவரும் தகுதிபெற்ற இந்தியர்களாகவே இருக்க வேண்டும் என்பதுதான் அது. உயர்ந்த வைத்தியப் பதவிகள் பெரும்பாலும் ஆங்கிலேயர் கையில் இருந்த காலத்தில் இது துணிச்சலான நிபந்தனை. அப்படிப்பட்ட கல்லூரியில் படித்து வைத்தியரான கோட்னிஸின் முன்னால் மேற்படிப்பு என்ற வழி திறந்திருந்தது. நல்ல சம்பளமும் பெயரும் காத்திருந்தன. அவரை நம்பி ஒரு குடும்பமும் இருந்தது.

சீனாவில் நடந்ததைச் சிறிது விளக்காமல் மேலே செல்ல முடியாது. 1937 ஜூலை 7 ஆம் திகதி பீக்கிங் நகருக்கு அருகில் இருந்த ஒரு பழைய பாலத்தின் பக்கத்தில் ஜப்பானியப் படைகளும் சீனப் படைகளும் மோதிக்கொண்டன. அதுவே முழு யுத்தமாக மூண்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஷங்காய் வீழ்ந்தது, தலைநகரான நான்கிங்கும் வீழ்ந்தது. நான்கிங்கில் ஜப்பானியப் படையினர் பொதுமக்களுக்குச் செய்த கொடுமைகளை இங்கே விவரிக்க மனம் வரவில்லை. சீனாவில் அப்போது இரண்டு படைகள் இருந்தன. ஒன்று தேசிய அரசின் படை. மற்றது கம்யூனிஸ்டுகளின் எட்டாவது மார்க்கப் படை. ஒன்றையொன்று எதிர்த்து வந்த இரண்டும் ஜப்பானியருக்கு எதிராக அப்போதைக்குக் கைகோத்திருந்தன. ஆள்பலம் இருந்தது. வைத்தியர்கள்தான் இல்லை. தேர்ச்சிபெற்ற வைத்தியர் இல்லாத காரணத்தால், பிழைத்திருக்கக்கூடிய எத்தனையோ பேர் இறந்துகொண்டிருந்தார்கள்.

எட்டாவது மார்க்கப் படையின் தளபதி சூ டே, அமெரிக்கப் பத்திரிகையாளரான அக்னஸ் ஸ்மெட்லி என்ற பெண்மணியின் யோசனைப்படி, ஜவஹர்லால் நேருவுக்கு ஒரு கடிதம் எழுதினார். வைத்தியர்களும் மருந்துகளும் தந்து உதவுமாறு அதில் கேட்டிருந்தார். அப்போது இந்திய தேசிய காங்கிரஸின் தலைவராக இருந்தவர் சுபாஸ் சந்திர போஸ். அவர் நாட்டு மக்களிடம் வேண்டுகோள் விடுத்தார். 22,000 ரூபாவரை சேர்ந்தது. ஓர் அம்புலன்ஸ் வண்டியும் மருந்துப் பெட்டிகளும் ஆயத்தமாயின. கவனித்துப் பார்த்தால் இது வியப்பான செயல். இந்தியாவே அப்போது அடிமை நாடு. தன் வீட்டுக் கூரை ஒழுகும்போது அயல்வீட்டுக் கூரையை வேயப் போனதைப் போன்றது அது.

தெரிவுசெய்யப்பட்ட ஐவரில் ஒருவர் அலகாபாத் வைத்தியர் மதன்மோகன் அடல். ஸ்பெயின் நாட்டு உள்நாட்டு யுத்தத்தில் சேவை செய்து அனுபவம் பெற்றவர். அவரே குழுவின் தலைவர். நாக்பூரிலிருந்து சோல்கர், கல்கத்தாவிலிருந்து பிஜோய் குமார் பாசு, தேபேஷ் முகர்ஜி. ஐந்தாமவர் கோட்னிஸ். பின்னாளில் அந்த ‘ராஜ்புத்தானா’ கப்பலும் யுத்தத்துக்கு இழுக்கப்பட்டது. 1941 இல் அது அத்திலாந்திக் கடலில் ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலால் மூழ்கடிக்கப்பட்டது. ஐவரைச் சுமந்து சென்ற கப்பலுக்கும் ஐந்தாமவரின் கதிதான்.

செப்டெம்பர் 17 ஆம் திகதி ஐவரும் தென்சீன நகரான கன்ரனில் இறங்கினர். நவசீனத்தின் தந்தை எனப் போற்றப்படும் சுன் யாட் சென்னின் துணைவியார் சுங் சிங் லிங் அம்மையார் அவர்களை வரவேற்றார். வரவேற்பு முடிந்து ஐந்து வாரத்துக்குள் அந்த நகரம் ஜப்பானியர் கையில் விழுந்துவிட்டது. வைத்தியர்கள் அதற்குள் வடக்கே ஹான்கோவ் நகருக்குப் போயிருந்தனர். அந்த நகரும் ஒக்டோபர் மாத இறுதியில் வீழ்ந்தது. யாங்சி நதி வழியாக மேற்கே ஈச்சாங், அங்கிருந்து தற்காலிகத் தலைநகரான சுங்கிங். இவ்வாறு அவர்கள் போகும் இடமெல்லாம் பின்னால் யுத்தமும் வந்துகொண்டிருந்தது. வழியில் சீனப் பெயர்களும் கிடைத்தன. ஒவ்வொருவர் பெயரோடும் சீனாவைக் குறிக்கும் ‘ஹுவா’ என்ற சொல் இணைக்கப்பட்டது. கோட்னிஸ் ‘கே தி ஹுவா’ ஆனார். இன்றைக்கும் சீனர்கள் அவரை அந்தப் பெயரால்தான் அறிவார்கள்.

சுங்கிங்கில் இருந்தபோதுதான் ஊரிலிருந்து அந்தச் செய்தி வந்தது. தந்தையார் காலமாகிவிட்டார்.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. போக வேண்டிய வடக்குப் பகுதிக்கு அவர்கள் இன்னும் போய்ச் சேரவும் இல்லை. தந்தை இறந்த வீட்டில் தாய் தனித்திருந்தார். சகோதரிகள் இருந்தார்கள். அவர் மூட்டை கட்டியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். தோழர்களே அவரைப் போகச் சொன்னார்கள். கோட்னிஸ் மறுத்துவிட்டார். ஏற்றுக்கொண்ட வேலையைத் தொடங்காமலே திரும்புவது அவருக்குச் சரியாகப் படவில்லை. அந்தத் தாயின் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்த முடிவு எப்படித் தோன்றியிருக்கும்? பெரியோர் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. கணவனை இழந்து, மகனை அந்நிய தேசத்துக்குக் கொடுத்துவிட்டு, கடிதம் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு தாயும் அந்தத் தொண்டின் செலவைச் சுமந்தார். அதையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

1939 பெப்ரவரியில் ஐவரும் வடமேற்கே யேனானை அடைந்தனர். மஞ்சள் மண்மலைகளைக் குடைந்து செய்த குகைகளே அங்கு வீடுகள். வைத்தியசாலையும் குகைதான். வானிலிருந்து குண்டு விழும் இடத்தில் குகையைவிடப் பாதுகாப்பான வைத்தியசாலை வேறில்லை. மாசேதுங் முதலிய தலைவர்கள் அங்கே இருந்தனர். ஐவருக்கும் வரவேற்பு அளித்தனர். பின்னர் வேலை தொடங்கியது.

அந்த ஆண்டிலேயே குழு குறையத் தொடங்கியது. சோல்கரும் முகர்ஜியும் நாடு திரும்பினர். அடல் சரும நோயால் அவதிப்பட்டு அடுத்த ஆண்டு திரும்பினார். இவர்களை யாரும் குறைவாக நினைத்துவிடக் கூடாது. முகர்ஜி நோயாளியாகவே திரும்பினார். பழக்கமில்லாத குளிர், பழக்கமில்லாத உணவு, ஓயாத அலைச்சல். உடம்பு தாங்கும் அளவு ஆளுக்கு ஆள் வேறு. எஞ்சியவர்கள் பாசுவும் கோட்னிஸும்.

இருவரும் போர்முனைக்கு மிக அருகில் வேலை செய்ய விரும்பினார்கள். அதற்கு ஒரு காரணம், வடசீன மலைப்பகுதியில் பணியாற்றிக்கொண்டிருந்த கனடா நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் நோர்மன் பெத்தியூன். அவருடைய கொள்கை எளிமையானது. காயப்பட்டவன் வைத்தியரைத் தேடி வரக் கூடாது. வைத்தியர்தான் காயப்பட்டவனைத் தேடிப் போக வேண்டும். குண்டடி பட்டவனை மலைப்பாதையில் இரண்டு மூன்று நாள் தூக்கிக்கொண்டு வந்தால், காயம் அழுகி வரும் வழியிலேயே உயிர் போய்விடும். பெனிசிலின் அப்போது பாவனைக்கு வந்திருக்கவில்லை. ஆகவே நேரம்தான் மருந்து. பெத்தியூன் மரப்பெட்டிகள் செய்வித்து, கத்திகள் மருந்துகள் கட்டுத்துணிகள் எல்லாவற்றையும் அவற்றில் அடுக்கி, கோவேறு கழுதைகளின் முதுகில் ஏற்றி, சத்திரசிகிச்சைக் கூடத்தையே நடமாட வைத்தார்.

அவரோடு சேர்ந்து பணியாற்ற வேண்டும் என்பது கோட்னிஸின் ஆசை. அது நிறைவேறவில்லை. கையுறை இல்லாமல் அவசரத்தில் சத்திரசிகிச்சை செய்தபோது பெத்தியூனின் விரலில் காயம் ஏற்பட்டது. அந்தச் சிறு காயம் வழியாக நஞ்சு இரத்தத்தில் ஏறி 1939 நொவெம்பர் 12 ஆம் திகதி அவர் காலமானார். கோட்னிஸும் பாசுவும் ஜப்பானியரின் காவல் அரண்களையும் ரயில் பாதைகளையும் கடந்து, மலைமலையாக நடந்து, 1940 ஜூன் மாதம் ஹெபெய் மாகாணத்து தாங் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது, அவர்கள் கண்டது பெத்தியூனின் கல்லறையைத்தான். அங்கே நடந்த நினைவுக் கூட்டத்தில் இருவரும் கலந்துகொண்டனர்.

சில மாதங்களில் பாசுவை யேனானுக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். கோட்னிஸ் அந்த மலைகளில் தனியே நின்றார். தம் மொழி பேச, தம் ஊர்க் கதை சொல்ல ஒருவரும் இல்லை.

1940 ஓகஸ்ற் மாதம் எட்டாவது மார்க்கப் படை வடசீனா முழுவதிலும் பெருந்தாக்குதல் ஒன்றைத் தொடங்கியது. நூறு ரெஜிமென்டுகளின் தாக்குதல் என்று அதற்குப் பெயர். போர்முனையில் கோட்னிஸின் குழுவிடம் காயப்பட்டவர்கள் அலையலையாக வந்தனர். 13 நாட்களில் 800 பேருக்கு மேல் சிகிச்சை பெற்றதாகக் கணக்குச் சொல்வார்கள். ஒரு சந்தர்ப்பத்தில் 72 மணித்தியாலம் தூங்காமல் சத்திரசிகிச்சை செய்தார் என்றும் சொல்வார்கள். கணக்கு ஒன்றிரண்டு கூடலாம், குறையலாம். மூன்று இரவும் மூன்று பகலும் நின்றபடி வேலை செய்த ஒருவரைக் கண்ணால் கண்டவர்கள்தான் அப்படிச் சொல்லியிருக்க முடியும்.

அவரிடம் என்ன இருந்தது? முற்றுகையிடப்பட்ட பகுதி அது. மருந்து வெளியிலிருந்து வந்து சேர்வதே அரிது. கட்டுத்துணியைக் கழுவிக் கழுவி மறுபடி பாவித்தார்கள். இல்லாத கருவிகளை ஊர்த் தச்சரும் கொல்லரும் செய்து கொடுத்தார்கள். கிராமத்துக் கோயில்களும் குடியானவர் வீடுகளும் வைத்தியசாலையாயின. படையினர் சாப்பிட்ட தினையும் சோளமும்தான் வைத்தியருக்கும் உணவு. அந்நிய வைத்தியர் என்பதற்காகத் தனிச் சலுகை கொடுக்க வந்தபோதெல்லாம் அவர் ஏற்க மறுத்தார்.

1941 ஜனவரியில் பெத்தியூன் சர்வதேச சமாதான வைத்தியசாலையின் பணிப்பாளராக கோட்னிஸ் நியமிக்கப்பட்டார். தாங் மாவட்டத்தில் கெகோங் என்ற கிராமத்தில் அது இயங்கியது. பெத்தியூனின் பெயர் தாங்கிய வைத்தியப் பாடசாலையிலும் அவர் கற்பித்தார். அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகப் பெரியதாகத் தோன்றுவது இந்தப் பகுதிதான். போர்முனையில் 72 மணித்தியாலம் நிற்பது வீரம், அதை எல்லோரும் புகழ்வார்கள். ஆனால் சீன மொழியை அரிச்சுவடியிலிருந்து கற்று, அந்த மொழியிலேயே உடற்கூற்றியலும் சத்திரசிகிச்சையும் கற்பிப்பது எத்தகைய பொறுமை! சீனம் எழுத்துக்கூட்டி வாசிக்கும் மொழியன்று. ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் உருவம் உண்டு, ஆயிரக்கணக்கான உருவங்களை மனத்தில் பதிக்க வேண்டும். உச்சரிப்பில் குரல் ஏறி இறங்கினால் பொருளே மாறிவிடும். முப்பது வயதில், காயக்காரர்களுக்கு நடுவில், மண்ணெண்ணெய் கிடைத்தால் விளக்கு, கிடைக்காவிட்டால் இருட்டு என்ற நிலையில் அவர் அதைக் கற்றார். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் நோயாளியோடு பேசினார், மாணவர்களுக்கு வகுப்பு எடுத்தார். கடிதமும் எழுதினார். பின்பு சீனத்திலேயே சத்திரசிகிச்சைப் பாடநூல் ஒன்றை எழுதி முடித்து, இன்னொன்றைத் தொடங்கினார். ஒருவர் தம் கையால் ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குச் சத்திரசிகிச்சை செய்யலாம்? பத்துப் பேருக்கு, இருபது பேருக்கு. அவரிடம் கற்ற ஒவ்வொருவரும் அதே வேலையைத் தொடர்ந்தால் அந்தக் கணக்குக்கு முடிவில்லை. இந்தக் கணக்கு அவருக்கு நன்றாக விளங்கியிருக்கிறது.

மாணவர்களுக்கு அவர் ஆசிரியர். நோயாளிகள் அவரைக் கறுத்த அம்மா என்று அழைத்தார்கள் என்று சொல்வார்கள். நிறத்தைச் சொல்லி அழைப்பது நம் காதுக்குச் சற்று உறுத்தலாம். ஆனால் அந்தப் பெயரில் எடை முழுவதும் இரண்டாவது சொல்லில் இருக்கிறது. குண்டடி பட்டுக் கிடந்த படைவீரன், ஓர் ஆண் வைத்தியரைத் தந்தை என்றோ அண்ணன் என்றோ அழைத்திருக்கலாம். தாய் என்றுதான் அழைத்தான்.

வைத்தியப் பாடசாலையில் தாதியியல் கற்பித்த குவோ சிங்லான் என்ற ஆசிரியையை அவர் முதலில் கண்டது பெத்தியூனின் கல்லறையடியில் நடந்த அந்த நினைவுக் கூட்டத்தில்தான். அவரும் ஆங்கிலம் அறிந்தவர், படித்தவர். யுத்தம் தொடங்கியதும் தம் விருப்பத்தால் மலைக்கு வந்தவர். 1941 இன் இறுதியில் இருவரும் திருமணம் செய்துகொண்டனர். அடுத்த ஆண்டு ஓகஸ்ற் 23 ஆம் திகதி ஓர் ஆண்குழந்தை பிறந்தது. அப்பகுதிப் படைத் தளபதி நியே ரொங்சென் குழந்தைக்கு ‘யின் ஹுவா’ என்று பெயரிட்டார். ‘யின்’ என்பது இந்தியா. ‘ஹுவா’ என்பது சீனா.

அந்த 1942 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கோட்னிஸ் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். அதைப் பற்றி வாசகர்கள் அவரவர் கருத்தை வைத்துக்கொள்ளலாம். சத்திரசிகிச்சை மேசைக்கு வந்தவனிடம் அவர் காயத்தைத்தான் பார்த்தார்.

யுத்தம் அப்போது மிகக் கொடுமையான கட்டத்தில் இருந்தது. எதிர்த்து நிற்கும் கிராமங்களைக் கொளுத்தி, தானியத்தைக் கைப்பற்றி, மக்களைக் கொன்று அழிக்கும் முறையை ஜப்பானியப் படை கையாண்டது. படை நெருங்கும் செய்தி வந்தால் வைத்தியசாலை முழுவதும் இரவோடிரவாக இடம்பெயர வேண்டும். எழுந்து நடக்க முடியாத நோயாளிகள், கட்டில்கள், மருந்துப் பெட்டிகள், புத்தகங்கள், மாணவர்கள் எல்லோரும் மலைப்பாதையில் ஏறுவார்கள். விடிந்ததும் மரத்தடியில் வகுப்பு மீண்டும் தொடங்கும். இடம்பெயர்தல் என்ற சொல்லின் பாரம் நம் நாட்டவர்க்குப் புதிதன்று. நோயாளிகளைத் தோளில் சுமந்தபடி இடம்பெயர்வதை எண்ணிப் பாருங்கள்.

கோட்னிஸின் உடம்பு அதற்குள் தளர்ந்துவிட்டது. முன்னரே அவருக்கு வலிப்பு வரத் தொடங்கியிருந்தது. நல்ல சிகிச்சை கிடைக்கும் இடத்துக்குப் போகுமாறு தலைவர்கள் பலமுறை வற்புறுத்தினார்கள். போகவில்லை. பக்கத்தில் இன்னொரு வைத்தியர் இருந்திருந்தால் ஒருவேளை போயிருப்பார். இல்லாதபடியால் தன் நோயை ஒதுக்கிவைத்துப் பிறர் நோயைப் பார்த்தார். ஒரு வைத்தியர் இன்னொருவருக்குச் சொல்லும் புத்தியைத் தமக்குச் சொல்லிக்கொள்வதில்லை என்பது உலகறிந்த விஷயம். இவர் விஷயத்தில் அதன் விலை மிகப் பெரிதாகிவிட்டது.

1942 டிசம்பர் 8 ஆம் திகதி இரவு. வெளியே வடசீனத்துக் கடுங்குளிர். இரண்டாவது பாடநூலை எழுதிக்கொண்டிருந்தபோது வலிப்பு வந்தது. ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. உடனிருந்தவர்கள் தெரிந்ததெல்லாம் செய்து பார்த்தார்கள். 9 ஆம் திகதி அதிகாலையில் அவர் உயிர் பிரிந்தது. வயது 32. குழந்தைக்கு வயது மூன்றரை மாதம். புத்தகம் பாதியில் நின்றது.

கிராம மக்கள் அவரை அருகிலேயே அடக்கம் செய்தார்கள். யேனானில் நினைவுக் கூட்டம் நடந்தது. அங்கிருந்த பாசுவுக்கு, தன்னோடு கப்பலேறி வந்தவர்களில் கடைசித் தோழனும் போய்விட்டான் என்ற செய்தி கிடைத்தது. அடுத்த ஆண்டு பாசு இந்தியா திரும்பினார். அவரைப் பற்றி ஒரு சிறு செய்தி. பல ஆண்டுகளுக்குப் பின் அவர் மறுபடியும் சீனா சென்று, ஊசி குத்திச் சிகிச்சை செய்யும் அக்குபங்சர் முறையைக் கற்றுவந்து கல்கத்தாவில் பரப்பினார். கொடுக்கப் போனவர் பெற்றும் வந்தார்.

கோட்னிஸின் கதையை இந்தியாவில் வீடு வீடாகக் கொண்டுசென்றவர் உருது, ஆங்கில எழுத்தாளர் குவாஜா அஹ்மத் அப்பாஸ். ஐவரில் ஒருவர் மட்டும் திரும்பாத செய்தியையே தலைப்பாக வைத்து அவர் ஒரு நூல் எழுதினார். அந்த நூலைத் தழுவி வீ. சாந்தாராம் 1946 இல் எடுத்த திரைப்படத்தில் கோட்னிஸாக சாந்தாராமே நடித்தார். படத்தில் காட்டியதெல்லாம் நடந்ததன்று, கொள்ளைநோய் மருந்து கண்டுபிடித்ததாகவெல்லாம் கதை சேர்த்திருந்தார்கள். உண்மைக் கதைக்கு அந்த அலங்காரம் தேவைப்படவில்லை. எனினும் சுதந்திரத்துக்கு முந்திய ஆண்டில் கோட்னிஸ் என்ற பெயரைச் சாதாரண மக்கள் அறியச் செய்தது அந்தப் படந்தான்.

இருபது ஆண்டுகளுக்குப் பின்னர், 1962 இல், அதே இந்தியாவும் சீனாவும் எல்லையில் யுத்தம் செய்தன. இரண்டு நாடுகளின் பெயரையும் தன் பெயரில் சுமந்த யின் ஹுவாவுக்கு அப்போது இருபது வயது. அவரும் தந்தை வழியில் வைத்தியம் படித்துக்கொண்டிருந்தார். ஆனால் 1967 இல், படிப்பு முடியுமுன்னே, சிகிச்சையில் நேர்ந்த தவறினால் உயிரிழந்தார். வயது 24. பிறருக்கு வைத்தியம் செய்து தந்தை இறந்தார், வைத்தியம் பிழைத்து மகன் இறந்தார். இதை எழுதும்போது கை தயங்குகிறது.

குவோ சிங்லான் நெடுங்காலம் வாழ்ந்தார். இந்தியாவுக்குப் பலமுறை வந்து, கணவரின் குடும்பத்தாரைக் கண்டு உறவாடினார். ஓர் ஆண்டு மட்டுமே நீடித்த அந்த இல்வாழ்க்கையின் நினைவுகளை நூலாக எழுதினார். சீனத் தலைவர்கள் இந்தியா வரும்போது கோட்னிஸின் சகோதரிகளைச் சந்தித்து மரியாதை செய்வது ஒரு வழக்கமாயிற்று. 1982 இல், அவர் இறந்து நாற்பது ஆண்டு நிறைவின்போது, சீனா அவருடைய முகத்தைத் தபால் முத்திரையில் பதித்தது. இந்தியா 1993 இல் வெளியிட்டது. சோலாப்பூரில் அவர் பிறந்து வளர்ந்த வீடு இப்போது நினைவகம். குவோ சிங்லான் 2012 இல் காலமானார். கணவர் இறந்து எழுபது ஆண்டுகளாகியிருந்தன.

ஹெபெய் மாகாணத்தின் தலைநகரான ஷிஜியாசுவாங்கில் வடசீனத் தியாகிகள் நினைவுப் பூங்கா இருக்கிறது. யுத்தம் ஓய்ந்த பின்னர் கோட்னிஸின் உடல் மலைக்கிராமத்திலிருந்து அங்கே கொண்டுவரப்பட்டது. அவருக்கு எதிர்ப்பக்கத்தில் பெத்தியூனின் கல்லறை. உயிரோடு சந்திக்கக் கிடைக்காத இருவரும் அங்கே ஒருவருக்கொருவர் எதிரே இருக்கிறார்கள். வசந்த காலத்தில் முன்னோரை நினைவுகூரும் சிங்மிங் நாளில் சீனப் பாடசாலைப் பிள்ளைகள் வரிசையாக வந்து இரண்டு கல்லறைகளிலும் பூ வைக்கிறார்கள்.